நூலகச் சங்கத்துல வாலண்டியரா வேலை செஞ்சா லைப்ரேரியன் கெரியருக்கு உதவுமா?

லைப்ரரி சயின்ஸ்ல மாஸ்டர் டிகிரியான எம்.லிப் முடிச்சுட்டு வர்ற பசங்களும் பொண்ணுங்களும் திரும்பத் திரும்பக் கேக்குற கேள்வி இது. சேலம் கருப்பூர் பக்கம் பெரியார் யுனிவர்சிட்டில லைப்ரரி சயின்ஸ் டிபார்ட்மென்ட் இருக்கு, அங்க படிச்சவங்க, அண்ணாமலை யுனிவர்சிட்டி மாதிரி இடத்துல கரஸ்ல முடிச்சவங்கன்னு வருஷா வருஷம் ஒரு செட்டு வெளிய வருது. அவங்ககிட்ட யாராவது ஒரு சீனியர் "சங்கத்துல மெம்பர் ஆயிடும்மா, கான்ஃபரன்ஸ்ல கூட நின்னு வேலை செய், நாலு பேருக்கு உன்னத் தெரியணும்"னு சொல்லியிருப்பாரு, வீட்டுல வந்து சொன்னா "அதுக்கு சம்பளம் உண்டா"ன்னு கேப்பாங்க. ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான். அதனால இதுல என்ன கிடைக்கும் என்ன கிடைக்காதுன்னு கொஞ்சம் விலாவாரியா எழுதுறேன்.

கிடைக்காதத முதல்ல சொல்லிடறேன். சங்கத்துல உழைச்சதுக்காக கவர்மென்ட் வேலை கிடைக்காது. டி.என்.பி.எஸ்.சி. நூலகப் பணித் தேர்வுல எழுத்துத் தேர்வு மார்க்தான் பேசும், நீங்க எத்தன கருத்தரங்குல பேட்ஜ் மாட்டிட்டு நின்னீங்கன்னு அங்க யாரும் கேக்கப் போறதில்ல. காலேஜ் லைப்ரேரியனுக்கு யு.ஜி.சி. 2018 விதிமுறைப்படி மாஸ்டர் டிகிரில 55 சதவீதம் வேணும், அதோட நெட் இல்லன்னா செட் தகுதித் தேர்வு பாஸ் பண்ணியிருக்கணும், பிஎச்.டி. முடிச்சவங்களுக்கு மட்டும் சில நிபந்தனையோட விலக்கு உண்டு. சங்க வேலைய சாக்கா வச்சு நெட் பரீட்சைய தள்ளிப் போடுறது ரொம்பத் தப்பு, படிக்கிற மாசத்துல படிங்க, அந்த மாசத்துல யாராவது சங்க வேலைக்குக் கூப்பிட்டா முடியாதுன்னு சொல்லிடுங்க, நல்ல சீனியரா இருந்தா அவரே புரிஞ்சுக்குவாரு.

இப்ப இன்னொரு பக்கம். சேலம், சங்ககிரி, ராசிபுரம், நாமக்கல்னு இந்த வட்டாரத்த சுத்தி எத்தன செல்ஃப் ஃபைனான்ஸ் இன்ஜினியரிங் காலேஜ், ஆர்ட்ஸ் காலேஜ், நர்சிங், ஃபார்மசி, சி.பி.எஸ்.இ. ஸ்கூலு இருக்கு, ஏற்காட்டு மேல நூறு வருஷத்துக்கும் மேல பழசான ரெசிடென்ஷியல் ஸ்கூல் இருக்கு. படிச்சு வர்றவங்கள்ல நிறைய பேருக்கு முதல் வேலை கிடைக்கிறது இந்த மாதிரி இடத்துலதான், இங்க வேக்கன்சி பேப்பர்ல வர்றது ரொம்பக் கம்மி. இருக்குற லைப்ரேரியன் வேற இடம் கிளம்பும்போது பிரின்சிபால் அவர்கிட்டயே "உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல ஆள் யாராவது இருக்காங்களா"ன்னு கேப்பாரு, அவரு தனக்கு யாரு ஞாபகத்துக்கு வர்றாங்களோ அவங்கள சொல்லுவாரு. போன கருத்தரங்குல காலைல எட்டு மணிக்கே வந்து ரெஜிஸ்ட்ரேஷன் டெஸ்க்ல உக்காந்து, சர்டிஃபிகேட்ல ஒரு பேரு கூட தப்பில்லாம அடிச்சுக் கொடுத்த பொண்ணு ஞாபகத்துக்கு வரும். இத சிபாரிசுன்னு தள்ளிட முடியாது, நேர்ல பாத்த வேலைய வச்சு சொல்றது. சர்டிஃபிகேட்ட மட்டும் பாத்து எடுக்குறதவிட இது எவ்வளவோ மேலுன்னுதான் நான் நினைக்கிறேன்.

வேலை கிடைக்கிறதோட விஷயம் முடியல, எனக்கு முக்கியமா படுறது அதுக்கப்புறம் நடக்குறதுதான். லைப்ரேரியன் வேலையோட பெரிய கஷ்டம் தனியா இருக்குறது. ஒரு காலேஜ்ல மேத்ஸ் டிபார்ட்மென்ட்ல அஞ்சாறு பேரு இருப்பாங்க, சந்தேகம்னா பக்கத்து சீட்ல கேட்டுக்கலாம், ஆனா லைப்ரரில ஒரு லைப்ரேரியன், ஒரு அசிஸ்டென்ட், பல இடத்துல அந்த அசிஸ்டென்ட்டும் கிடையாது. புதுசா சேர்ந்தவங்க கையில புத்தக வரவ எழுதுற அக்சஷன் ரெஜிஸ்டரக் கொடுத்து, "காலேஜோட தரத்த மதிப்பிடுற நாக் டீம் வருது, லைப்ரரி ஃபைல் எல்லாம் ரெடி பண்ணுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, அந்த ஃபைல்ல என்ன இருக்கணும்னு சொல்லித் தர அந்தக் கட்டடத்துல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. ஸ்டாக் வெரிஃபிகேஷன்ல புக்கு குறைஞ்சா எப்படி எழுதணும், அத கணக்குல இருந்து நீக்குற ரைட் ஆஃப்க்கு யாரு கையெழுத்து, வெண்டர் கொட்டேஷன்ல எங்க ஏமாத்துவான், இதெல்லாம் எந்த சிலபஸ்லயும் வராது. ஏற்காடு ஸ்கூல்ல இருக்குற லைப்ரேரியன் நிலைமை இன்னும் ஒரு படி மேல, பக்கத்துல பேச ஆள் வேணும்னாலே இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வரணும்.

இந்தத் தனிமை இன்னைக்கு நேத்து வந்ததும் இல்ல. எஸ்.ஆர். ரங்கநாதன் 1924 ஜனவரில சென்னைப் பல்கலைக்கழக லைப்ரேரியனா சேர்ந்தாரு, அதுக்கு முன்னாடி அவரு கணக்கு வாத்தியாரு, வகுப்பு நிறைய பசங்களோட இருந்தவரு. லைப்ரரில போய் உக்காந்ததும் அந்த அமைதிய அவரால தாங்க முடியல, ஒரு வாரத்துக்குள்ளயே பழைய பிரசிடென்சி காலேஜ் வேலைக்கே திரும்பிடுறேன்னு போய் கேட்டுட்டாரு. முதல்ல லண்டன் போய் நூலகத் தொழில படிச்சுட்டு வாங்க, அப்புறமும் பிடிக்கலன்னா திரும்பி வரலாம்னு சொல்லி அனுப்பி வச்சாங்க. அங்க யுனிவர்சிட்டி காலேஜ்ல படிச்சாரு, நூறு லைப்ரரி கிட்ட சுத்திப் பாத்தாரு, லைப்ரரிய சுத்தி ஒரு சமூகமே இயங்குறதப் பாத்துட்டுத் திரும்பினாரு. 1928ல சென்னை நூலகச் சங்கம் ஆரம்பிச்சப்ப அதோட செயலாளர் அவருதான். சம்பளத்துக்கு யுனிவர்சிட்டி லைப்ரரி, அதுக்கு மேல சங்க வேலைன்னு அவரோட கெரியரே அப்படித்தான் ஓடிச்சு.

அந்தச் சங்கம் என்னென்ன செஞ்சுதுன்னு பாருங்க. 1929ல லைப்ரேரியன்களுக்கு ஒரு கோடைக்காலப் பயிற்சிப் பள்ளி தொடங்குனாங்க, ரெண்டு வருஷத்துல அத சென்னைப் பல்கலைக்கழகமே ஏத்துக்கிச்சு, இன்னைக்கு நாம பி.லிப், எம்.லிப்னு படிக்கிற படிப்புக்கெல்லாம் நம்ம ஊர்ல வேர் அதுலதான் இருக்கு. 1931ல வந்த நூலகவியலோட ஐந்து விதிகள் புத்தகத்தையும், 1933ல வந்த, புத்தகங்கள வகை பிரிக்கிற முறையான கோலன் கிளாசிஃபிகேஷனையும் வெளியிட்டது இதே சங்கம்தான். 1931ல மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டில கிராமம் கிராமமா புத்தகம் கொண்டு போனாரே, அதுவும் இந்த இயக்கத்தோட சேர்ந்ததுதான். 1930ல காசில நடந்த மாநாட்டுல ரங்கநாதன் ஒரு மாதிரி நூலகச் சட்டத்த முன்வச்சாரு, 1948ல அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சரா இருந்தப்ப சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிச்சு, சுதந்திர இந்தியாவுல முதல் நூலகச் சட்டம் அது. அந்தச் சட்டத்தாலதான் நம்ம வீட்டு வரியோட நூலக வரியும் சேர்ந்து வருது, சேலம் மாவட்ட மைய நூலகத்துல இருந்து கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் வரைக்கும் நடக்குது. இதுக்காக எழுதிப் போட்டு, அலஞ்சு, கூட்டம் கூட்டுனவங்கள்ல எத்தனையோ பேரு ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்துல செஞ்சவங்கதான். இன்னைக்கு கவர்மென்ட் லைப்ரேரியன் போஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்குறதே அவங்க உழைச்சதுல வந்தது, அதனாலதான் சங்க வேலைன்னா வெட்டி வேலைன்னு யாராவது சொன்னா எனக்கு மனசு கேக்காது.

சரி, இப்ப புதுசா வர்றவங்களுக்கு என்ன வேலை கொடுப்பாங்க? உண்மையச் சொல்லணும்னா முதல் தடவை ரெஜிஸ்ட்ரேஷன் டெஸ்க், பேக் கொடுக்குறது, சாப்பாட்டு டோக்கன், பேச வர்ற ரிசோர்ஸ் பர்சன ஜங்ஷன்ல இருந்து கூட்டிட்டு வர்றது, அவ்வளவுதான். இத கேவலமா நினைக்க வேண்டியதில்ல, ரிசோர்ஸ் பர்சன கூட்டிட்டு வர்ற அந்த முக்கால் மணி நேரத்துல அவர்கிட்ட நேரா பேசலாம், ஹால்ல அவரு பேசி முடிச்சதும் மைக் கிடைக்காம திரும்புறவங்க எத்தன பேரு. பிஎச்.டி.க்கு கைடு தேடுறவங்களுக்கு இந்த மாதிரிப் பேச்சுல இருந்து வழி திறக்குறது நடக்கும். அடுத்த கட்டம்தான் ருசி. மெம்பர்ஷிப் லிஸ்ட்ட பராமரிக்கிறது, நியூஸ்லெட்டர் போடுறது, வந்த கட்டுரைய ஃபார்மட் பண்ணி ப்ரொசீடிங்ஸ்ங்கற கருத்தரங்குத் தொகுப்ப தயார் பண்றது, ஒரு நாள் வொர்க்‌ஷாப்ப முழுசா எடுத்து நடத்துறது. இதுக்கப்புறம் ஈ.சி.ங்கற செயற்குழுல மெம்பர், ஜாயின்ட் செக்ரட்டரின்னு போகும், ஆனா கத்துக்கிறது எல்லாம் நடுவுல இருக்குற இந்தக் கட்டத்துலதான், பதவிக்கு வந்தப்புறம் கையெழுத்து போடுறதுதான் அதிகம்.

ஒரு வொர்க்‌ஷாப் நடத்துறத மட்டும் எடுத்துக்குங்க. கோஹா சாஃப்ட்வேர் வொர்க்‌ஷாப்னு வச்சுக்குவோம், நியூசிலாந்துல ஒரு சின்ன ஊர் லைப்ரரிக்காக எழுதுன, லைப்ரரி வேலைகள கம்ப்யூட்டர்ல நடத்துற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் அது, 2000ல இருந்து ஓடுது, லைசன்ஸ் காசு கிடையாதுங்கறதால நம்ம பக்கம் நிறைய காலேஜ்ல போட்டிருக்காங்க. இத நடத்தணும்னா முப்பது சிஸ்டம்ல லினக்ஸ் ஓடணும், முந்தின நாளே இன்ஸ்டால் பண்ணி டெஸ்ட் பண்ணணும், புத்தக விவரங்கள் இருக்குற மார்க் (MARC) ரெக்கார்ட் இம்போர்ட் பண்ணும்போது எங்க எரர் அடிக்கும்னு தெரிஞ்சிருக்கணும், மதியம் கரன்ட் போனா என்ன பண்றதுன்னு யோசிச்சு வச்சிருக்கணும், பட்ஜெட் போடணும், பில்லு வாங்கணும், கடைசில கணக்கு காட்டணும். இத ரெண்டு தடவை செஞ்சு முடிச்ச ஆள், தன் காலேஜ்ல பழைய சாஃப்ட்வேர்ல இருந்து கோஹாவுக்கு மாத்தச் சொன்னா பயப்பட மாட்டாரு. இன்டர்வியூல "ஆட்டோமேஷன் தெரியுமா"ன்னு கேட்டா பேப்பர்ல படிச்சத சொல்லாம செஞ்சத சொல்லுவாரு. இப்படி சிஸ்டம் பக்கம் கை தேறுனவங்க லைப்ரரி சாஃப்ட்வேர் கம்பெனிக்கும், பப்ளிஷர் கம்பெனில ட்ரெய்னிங் கொடுக்குற வேலைக்கும் போறதும் உண்டு, எம்.லிப் படிச்சவங்களுக்கு அப்படி ஒரு பாதை இருக்குன்னே பல பேருக்குத் தெரியாது.

இன்னொண்ணு, துறைல மாற்றம் வர்ற வேகம். 2018ல யு.ஜி.சி. கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறை கொண்டு வந்துச்சு, ஆய்வேட்டுல 10 சதவீதம் வரைக்கும் மத்தவங்க எழுத்தோட ஒத்துப் போனா தண்டனை இல்ல, அதுக்கு மேல படிப்படியா நடவடிக்கைன்னு வச்சுது. அடுத்த வருஷமே யு.ஜி.சி.யோட இன்ஃப்லிப்நெட் மையம் மூலமா ஷோத்சுத்தி திட்டம் வந்து இத கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர் கொடுத்தாங்க. திடீர்னு ரிசர்ச் ஸ்காலர்ஸ் எல்லாம் லைப்ரரி வாசல்ல வந்து நின்னாங்க, ரிப்போர்ட்ட எப்படிப் படிக்கணும், பிப்ளியோகிராஃபிய விலக்கிட்டுப் பாக்கணுமான்னு சொல்ல வேண்டியது லைப்ரேரியன் பொறுப்பாச்சு. 2025 ஜனவரில ஒரே நாடு ஒரே சந்தான்னு திட்டம் தொடங்குனாங்க, ஏறக்குறைய 13,000 ஜர்னல் படிக்கலாம், ஆனா அது கவர்மென்ட் நிறுவனங்களுக்குத்தான், தனியார் காலேஜ்காரங்க வேற வழிதான் பாக்கணும். இந்த மாதிரி சேதி சர்குலரா நம்ம டேபிளுக்கு வந்து சேர்றதுக்குள்ள சங்கத்துல நாலு பேரு அத அலசி முடிச்சிருப்பாங்க, முதல்ல தெரிஞ்சு பிரின்சிபால்கிட்ட போய் சொல்ற லைப்ரேரியனுக்கு காலேஜ்ல கிடைக்கிற மதிப்பே வேற. காலேஜ் லைப்ரேரியன்களுக்கு யு.ஜி.சி. ப்ரமோஷன் மதிப்பீட்டுல கருத்தரங்கு, வொர்க்‌ஷாப் நடத்துறதும் ஒரு அம்சமா இருக்கு, ஆனா அது வேலைல சேர்ந்து வருஷங்கள் கழிச்சு வர்ற விஷயம்.

வெளிநாட்டுல இத எப்படிச் செய்றாங்கன்னு பாத்தா நமக்கு ஒரு பாடம் இருக்கு. அமெரிக்க நூலகச் சங்கம் 1876ல ஆரம்பிச்சது, அதுக்குள்ள புதுசா வர்றவங்களுக்குன்னே தனியா ஒரு பிரிவு 1931லயே தொடங்கிட்டாங்க. விண்ணப்பிச்ச புது ஆளுக்கு அந்தப் பிரிவோட ஏதாவது ஒரு கமிட்டில இடம் உண்டுங்கறத அவங்க ஒரு கொள்கையாவே வச்சிருந்தாங்க. 2007ல இருந்து எமர்ஜிங் லீடர்ஸ்னு ஒரு திட்டம் நடத்துனாங்க, இளம் லைப்ரேரியன்கள சின்னச் சின்ன குழுவா பிரிச்சு, ஒவ்வொரு குழுவுக்கும் சங்கத்துக்கு நிஜமாவே தேவைப்படுற ஒரு ப்ராஜெக்ட்டக் கொடுத்து, வருஷ மாநாட்டுல அத எல்லார் முன்னாடியும் வைக்கச் சொல்லுவாங்க. உலக அளவுல நூலகச் சங்கங்களோட கூட்டமைப்பான இஃப்லாவுலயும் புது லைப்ரேரியன்களுக்குன்னு ஒரு குழு இருக்கு. அவங்க நாட்டு வேலைச் சந்தை வேற, நம்மளது வேற, அத அப்படியே இங்க கொண்டு வர முடியாது. ஆனா புது ஆளுக்கு முடிவு எடுக்குற இடத்துல ஒரு நாற்காலி, அதுக்கு ஒரு கால அளவு, கூட ஒரு சீனியர், இந்த மூணும் நாமளும் செய்யக்கூடியதுதான். இங்க பல நேரம் இளைஞர்கள நாற்காலி போடுறதுக்கும் பேனர் கட்டுறதுக்கும் கூப்பிடுறாங்க, அஜெண்டா போடும்போது கூப்பிடுறதில்ல. அப்புறம் இந்தக் காலத்துப் பசங்க சங்கத்துக்கே வர்றதில்லன்னு வருத்தப்படுறாங்க.

செலவு பக்கத்தையும் பேசித்தான் ஆகணும். செல்ஃப் ஃபைனான்ஸ் காலேஜ்ல முதல் வேலைல இருக்குறவங்க சம்பளத்துல லைஃப் மெம்பர்ஷிப், கான்ஃபரன்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், பஸ்ஸு ரயிலு எல்லாம் சேர்த்தா கையக் கடிக்கும். முக்கியமான கூட்டம் நிறைய சென்னைலதான் நடக்குது, ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் புடிச்சு காலைல சென்ட்ரல்ல இறங்கி, சாயங்காலம் வரைக்கும் கூட்டத்துல உக்காந்துட்டு, மறுபடி ராத்திரி ஏறி காலைல டூட்டிக்கு வரணும். ஓ.டி. (ஆன் டூட்டி) கொடுக்குற மேனேஜ்மென்ட்டும் உண்டு, லீவு போட்டுட்டுப் போங்கன்னு சொல்றவங்களும் உண்டு. பொண்ணுங்களுக்கு இது இன்னும் கஷ்டம், லைப்ரரி சயின்ஸ் வகுப்புல பொண்ணுங்க அவ்வளவு பேரு இருந்தும் சங்க மேடைல அந்த அளவுக்குத் தெரியலன்னா அதுக்குத் திறமைய காரணம் சொல்ல முடியாது, ஞாயித்துக்கிழமை கூட்டம், ராத்திரிப் பயணம், வீட்டுல கைக்குழந்தை, இதெல்லாம்தான் காரணம். ஆன்லைன் மீட்டிங் வந்தப்புறம் கொஞ்சம் மாறியிருக்கு. ஈ.சி. கூட்டத்துல பாதியாவது ஆன்லைன்ல வச்சாலே ஏற்காட்டுல இருக்குறவங்களும், ஆத்தூர் மேட்டூர்ல இருக்குறவங்களும் உள்ள வந்துடுவாங்க, இதுக்குப் பணம் எதுவும் தேவையில்ல, மனசு இருந்தாப் போதும்.

உழைப்ப சுரண்டுற ஆளுங்களும் இருக்காங்க, அதையும் மறைக்க வேண்டாம். ப்ரொசீடிங்ஸ் முழுக்க ஒரு புது ஆள் உக்காந்து திருத்தியிருப்பாரு, எடிட்டர் பேருல வேற மூணு பேரு இருப்பாங்க. வேலைய ஒத்துக்கிறதுக்கு முன்னாடியே என் பேரு எங்க வரும், எந்தத் தேதிக்குள்ள முடிக்கணும், கைக்காசு போட்டா எப்பத் திரும்பக் கிடைக்கும்னு கேட்டுடுங்க. கேட்டா தப்பா நினைப்பாங்களோன்னு தயங்குவீங்க, கேக்காம ஒத்துக்கிட்டு பாதில விடுறதுதான் உங்க பேரக் கெடுக்கும். ஒரே நேரத்துல நாலு சங்கத்துல பேரக் கொடுத்து எதையும் முடிக்காம இருக்குறதும் அப்படித்தான். என்னைக் கேட்டா, ஒரு சங்கம், ஒரு வேலை, ரெண்டு வருஷம். அந்த வேலை எதுன்னு தேர்ந்தெடுக்கும்போது உங்களுக்கு எங்க போகணும்னு பாருங்க. சிஸ்டம் பக்கம் போகணும்னா வொர்க்‌ஷாப் டீம், ஆராய்ச்சி பக்கம்னா ப்ரொசீடிங்ஸ், பெரிய லைப்ரரிய நிர்வாகம் பண்ணணும்னா பொருளாளருக்கு உதவியா கணக்கு வழக்கு. கணக்கு எழுத யாரும் முன்வர்றதில்ல, பின்னாடி டெபுடி லைப்ரேரியன் லெவல்ல பட்ஜெட் போடும்போது அது கைகொடுக்குற மாதிரி வேற எதுவும் கைகொடுக்காது.

பொது நூலகத் துறைக்குப் போக நினைக்கிறவங்களுக்கு பாதை கொஞ்சம் வேற. அங்க ஊழியர் சங்கங்கள் சம்பளம், பணி நிரந்தரம், மாறுதல்னு உரிமைக்காகப் பேசுறவங்க, ஊர்ப்புற நூலகர்கள் வருஷக்கணக்கா எதிர்பாத்து நிக்கிற விஷயங்களுக்கு அந்தச் சங்கம் இல்லாம வழி கிடையாது. தொழில் கத்துக்கிற சங்கம் தனி, இது தனி, ரெண்டும் வேணும். வேலை கிடைக்கிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம்னு நினைச்சா பக்கத்துல இருக்குற கிளை நூலகத்தோட வாசகர் வட்டத்துல போய் சேருங்க. பத்து பேரு வர்ற ஒரு கூட்டத்துக்கு பதினொண்ணாவது ஆளக் கொண்டு வர்றது எவ்வளவு பாடுன்னு அங்க தெரியும், எந்த வயசு ஆள் எந்தப் புக்கு கேக்குறாங்க, ஸ்கூல் விட்டு வர்ற பசங்கள எப்படி உக்கார வைக்கிறது, போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பசங்களுக்கும் பேப்பர் படிக்க வர்ற பெரியவங்களுக்கும் ஒரே ஹால்ல எப்படி இடம் பிரிக்கிறதுன்னு பாக்கலாம்.

எப்பத் தொடங்குறதுன்னு கேட்டா வருஷத்துல ரெண்டு நேரம் தோது. ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் தினம், நவம்பர் 14ல இருந்து 20 வரைக்கும் தேசிய நூலக வாரம். இந்த ரெண்டுக்கும் காலேஜ் லைப்ரரி, கிளை நூலகம், சங்கம் எல்லா இடத்துலயும் ஏதாவது நிகழ்ச்சி இருக்கும், எல்லா இடத்துலயும் ஆள் பத்தாது. ஒரு மாசம் முன்னாடியே போய், எனக்கு இந்த வேலை தெரியும், இத்தன மணி நேரம் தர முடியும்னு குறிப்பா சொல்லுங்க. "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க சார்"னு பொதுவா சொன்னா கிடைக்கிறது சாப்பாட்டு டோக்கன்தான், "கண்காட்சிக்கு நூறு புக்குக்கு லிஸ்ட் போட்டு, தலைப்பு வாரியா அடுக்கி, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வரி குறிப்பு எழுதித் தர்றேன்"னு சொன்னா அந்த வேலையே கிடைக்கும், அந்த லிஸ்ட்ல உங்க பேரும் இருக்கும்.